கட்டளைக்கும் காரியத்துக்கும் நடுவே

மேற்குக் கொச்சியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. காயல் இருக்கிறது, கடல் இருக்கிறது, ஜூன் பிறந்தால் வானமும் சேர்ந்துகொள்கிறது. குடிக்கிற தண்ணீர்தான் இல்லை. மட்டாஞ்சேரிக்கும் தோப்பும்படிக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் சுள்ளிக்கல்லில் மண்ணைத் தோண்டினால் கிடைப்பது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். ஒரு காலத்தில் ஆலுவாவிலிருந்து வள்ளங்களில் குடிநீர் வந்து இறங்கிய பகுதி இது. இப்போது குழாயில் வருகிறது, வரும்போது. 2023 ஜனவரியில் பிறவம் அருகே பாழூர் பம்ப் ஹவுஸில் மோட்டார்கள் பழுதானபோது மேற்குக் கொச்சியின் பல தெருக்கள் வாரக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்தன.

அதனால் இங்கே வீடு என்றால் தரைக்குக் கீழே ஒரு தொட்டி, மொட்டைமாடியில் ஒரு தொட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மோட்டார். குழாயில் தண்ணீர் வரும் நேரம் யாருக்கும் தெரியாது. ராத்திரி வந்தால் வீட்டில் ஒருவர் எழுந்து மோட்டார் போட வேண்டும். விட்டால் மறுநாள் குளிப்பு இல்லை, துவைப்பு இல்லை, சில சமயம் சமையலும் இல்லை.

சுள்ளிக்கல்லில் மகளோடு வசிக்கும் ஒரு தமிழ்ப் பெரியவரின் வீட்டில் அந்தப் பொறுப்பு வெகுநாளாக அவருடையது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. டெலிபோன் இலாகாவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். நைட் டியூட்டி பார்த்த உடம்பு என்பதால் இரண்டு மணிக்கு எழுவது பெரிய காரியமாகத் தெரியவில்லை. கஷ்டமெல்லாம் மாடிப்படியில்தான். தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க ஏறியவர் ஒரு நாள் வழுக்கி உட்கார்ந்ததிலிருந்து, இந்த வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தே தீர வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தார்.

இயந்திரம் பேரனின் பள்ளிக்கூடப் பையிலிருந்து வந்தது. கேரள அரசின் கைட் நிறுவனம் 2022 டிசம்பரில் 2,000 உயர்நிலைப் பள்ளிகளுக்கு 9,000 ரோபாட்டிக்ஸ் பெட்டிகளைக் கொடுத்தது. அந்தப் பெட்டிகளின் இதயம் ஆர்டினோ என்ற சின்ன மின்னணுப் பலகை. 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்காகப் பிறந்தது. உள்ளங்கையில் அடங்கும். கம்ப்யூட்டரில் எழுதிய உத்தரவை இதில் ஏற்றிவிட்டால் பிறகு கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் பள்ளியில் அதைக்கொண்டு விளக்கு எரியவைத்தான், மணி அடிக்கவைத்தான். தானே ஒன்று வாங்கிவந்து தாத்தாவின் மோட்டாரையும் ஓடவைக்கக் கிளம்பினான்.

புரோகிராம் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. கீழ்த் தொட்டியில் தண்ணீர் இருந்து மேல் தொட்டி காலியானால் 'ஒன்று'. மேலே நிரம்பினால் 'சைபர்'. கடையில் 12 வோல்ட் ரிலே ஒன்று வாங்கி, பலகையின் ஒரு பின்னிலிருந்து நேராகக் கம்பி இழுத்தான். அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

'தாத்தா, பின்ல ஒண்ணு வருது. மீட்டர்லயும் பார்த்துட்டேன். ரிலே மட்டும் அனங்க மாட்டேங்குது' என்றான், மலையாளமும் தமிழும் கலந்த கொச்சி பாஷையில்.

தாத்தா மீட்டரைக்கூடப் பார்க்கவில்லை. 'சத்தமே வரலியேடா. சத்தம் வந்தாத்தானே ரிலே' என்றார்.

அவருக்கு ரிலே என்பது முதலில் ஒரு சத்தம். அவர் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் எக்ஸ்சேஞ்ச் என்றால் ஸ்ட்ரோஜர். அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்துகொண்டிருந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் காப்புரிமை பெற்ற முறை அது. ஊரில் யாரோ ஒருவர் எண்ணைச் சுழற்றினால், இங்கே வரிசை வரிசையாக நிற்கும் இரும்புச் சட்டங்களில் ஒரு கை மேலே ஏறி, பக்கவாட்டில் திரும்பி, சரியான தொடுமுனையில் போய் நிற்கும். அதை ஏற்றுவதும் திருப்புவதும் நிறுத்துவதும் ஆயிரக்கணக்கான ரிலேக்கள். ஏறக்குறைய 50 வோல்ட் பாட்டரியில் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். பகலில் அது ஆலங்கட்டி மழை. நள்ளிரவில் ஒற்றை அழைப்பு ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போவதைக் காதாலேயே பின்தொடரலாம். எந்தச் சட்டத்தில் எந்த ரிலே சோம்பலாக இழுக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார்.

பையனின் ரிலே ஏன் அசையவில்லை என்பதற்குப் பதில் கணக்கில் இருந்தது. பலகையின் மூளையான ஏடிமெகா 328பி சிப்பின் ஒரு பின் கொடுப்பது 5 வோல்ட். நிம்மதியாக 20 மில்லி ஆம்பியர் கொடுக்கும். 40ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. ரிலேயின் சுருளோ 12 வோல்ட் கேட்கிறது. அதன் தடை 400 ஓம், ஆக 30 மில்லி ஆம்பியர். மின் அழுத்தமும் போதவில்லை, மின்னோட்டமும் போதவில்லை. இன்றைய சிப்புகள் பலவற்றில் நிலைமை இன்னும் மெலிவு: 3.3 வோல்ட், சில மில்லி ஆம்பியர். அறிவு கூடக்கூடச் சிப்புகளுக்கு உடல் பலம் குறைந்துகொண்டே வருகிறது.

பையனுக்கு இது அநியாயமாகப் பட்டது. இவ்வளவு யோசிக்கிற சாதனத்தால் ஒரு சின்ன இரும்புத் துண்டை இழுக்க முடியாதா? தாத்தாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இழுக்கிறவன் வேறு, சொல்கிறவன் வேறு என்பதுதான் ரிலே என்ற சமாசாரத்தின் ஆதி ரகசியம்.

1835 வாக்கில் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி செய்துகாட்டியது அதைத்தான். நீளமான கம்பியில் போகும் மின்சாரம் போகப் போக இளைத்துவிடும். ஆனால் இளைத்த மின்சாரத்தாலும் ஒரு மெல்லிய இரும்பை அசைக்க முடியும். அந்த அசைவு பக்கத்தில் காத்திருக்கும் புதிய பாட்டரியைத் தொடுத்துவிட்டால் போதும், செய்தி மறுபடி முழு பலத்தோடு கிளம்பும். தபால் வண்டிக்கு வழியில் புதுக் குதிரை மாற்றும் ஏற்பாட்டின் பெயர்தான் இதற்கும் ரிலே என்று வந்தது.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் வெகுகாலமாக இருக்கிறது: அஞ்சல். டில்லிச் செய்தியைச் சென்னை வானொலி 'அஞ்சல்' செய்தது. இலங்கைத் தமிழர்கள் ரிலே ரேஸை 'அஞ்சலோட்டம்' என்கிறார்கள். திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் தபால் இலாகாவின் பெயரே அஞ்சல். மணி கட்டிய கோலோடு ஓடிவரும் அஞ்சல்காரர் பையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நிற்பார். அடுத்தவர் புதிய மூச்சோடு ஓடுவார். 1951இல் இந்தியத் தபால் துறையோடு இணையும் வரை அது நடந்தது. ஓடி வந்தவர் இளைத்திருந்தால் பரவாயில்லை, பையைச் சரியாகக் கைமாற்றினால் போதும்.

ஆர்டினோ பின்னுக்கும் ரிலேக்கும் நடுவில் அப்படி ஓர் அஞ்சல்காரர் தேவைப்பட்டார். பிசி 547 என்ற டிரான்சிஸ்டர் அந்த வேலைக்கு வந்தது. மூன்று கால், மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, விலை சில ரூபாய். பின்னிலிருந்து 1,000 ஓம் தடை வழியாக நாலு மில்லி ஆம்பியர் அதன் பேஸுக்குப் போனால் போதும். தனி 12 வோல்ட் சப்ளையிலிருந்து சுருள் வழியாக வரும் 30 மில்லி ஆம்பியருக்கு அது கதவைத் திறந்துவிடும். அந்த 12 வோல்ட் பலகையின் பின் பக்கமே எட்டிப் பார்க்காது. இரண்டு சப்ளைகளின் கிரவுண்டை மட்டும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் நாலு மில்லி ஆம்பியருக்குத் திரும்பிப்போக வழி இருக்காது, டிரான்சிஸ்டர் அசையாது.

இந்த முறை ரிலே 'டிக்' என்றது. பையன் பத்துப் பதினைந்து தடவை அதை அடிக்கவைத்து ரசித்தான். பிறகு சத்தம் நின்றுவிட்டது. டிரான்சிஸ்டர் செத்துப்போயிருந்தது. தாத்தா இதை எதிர்பார்த்தே பேசாமல் இருந்தார். சில ரூபாய்க்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பது அவர் கட்சி.

சுருளில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தினால் அது சும்மா இருக்காது. காந்தப்புலம் சரிகிற அந்தக் கணத்தில் 12 வோல்ட் சுருள் நூற்றுக்கணக்கான வோல்ட்டை எதிர்த்திசையில் உதைக்கும். பிசி 547 தாங்குவது 45 வோல்ட். மருந்து ஒரு டயோடு. 1என் 4007 என்று கேட்டால் எந்த ரேடியோக் கடையிலும் கொடுப்பார்கள். அதைச் சுருளின் குறுக்கே, வெள்ளிக்கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி போட வேண்டும். ரிலே ஓடும்போது அது வழிமறிப்பதில்லை. நிறுத்தும்போது கிளம்பும் உதையைச் சுருளுக்குள்ளேயே சுற்றவிட்டு அடக்கிவிடும். ஆறேழு ரிலேக்களை ஓட்டுகிறவர்கள் டிரான்சிஸ்டரும் டயோடும் உள்ளேயே இருக்கும் யூஎல்என் 2003 சிப்பைப் போட்டுவிடுகிறார்கள். பாடம் ஒன்றுதான்: தொடங்குவதைவிட நிறுத்துவதில் ஆபத்து அதிகம்.

இன்னொரு சின்னத் தடையும் பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வந்தது, 10,000 ஓம். கரண்ட் போய் வந்தால் பலகை கண் விழிக்கும் கணத்தில் அதன் பின் ஒன்றிலும் இருக்காது, சைபரிலும் இருக்காது. அந்தத் தூக்கக் கலக்கத்தில் மோட்டார் உதறாமல் இருக்க இந்தத் தடை பேஸைக் கீழே பிடித்து வைத்துக்கொள்ளும். உத்தரவு தெளிவாக வராதவரை ஒன்றும் செய்யாதே என்பது அதன் வேலை.

அடுத்து மோட்டார். ரிலேயின் தலையில் '10 ஆம்பியர், 250 வோல்ட்' என்று அச்சடித்திருக்கிறது. ஒரு குதிரைசக்தி மோட்டார் ஓடும்போது அதற்குள் அடங்கிவிடும். ஆனால் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்தப் பொறியில் ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் பிறகு பலகை என்ன சொன்னாலும் மோட்டார் நிற்காது. தண்ணீர் தீர்ந்த தொட்டியில் வறண்டு ஓடி மோட்டாரின் சீல் கருகும். ஆகவே ரிலே ஒரு கான்டாக்டரைத் தூண்டட்டும், கான்டாக்டர் மோட்டாரைத் தூண்டட்டும் என்று பெரியவர் தீர்மானித்தார். 5 வோல்ட் டிரான்சிஸ்டரிடம் சொல்லும், அது 12 வோல்ட்டிடம், 12 வோல்ட் 230 வோல்ட்டிடம். சுருளுக்கும் தொடுமுனைக்கும் கம்பித் தொடர்பே கிடையாது. நடுவில் இருப்பது காந்தம் மட்டும். பேரனின் விரலுக்கும் தெருக் கம்பத்திலிருந்து வரும் மின்சாரத்துக்கும் நடுவில் அந்த இடைவெளிதான் வேலி. 230 வோல்ட் பக்கத்து வேலை முழுவதையும் மெயினை அணைத்துவிட்டு அவரே செய்தார். பையனுக்கு அந்தப் பெட்டியைத் திறக்க அனுமதி இல்லை.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வீடு ராத்திரி தூங்கியது. பையன் போனிலேயே தெரியும்படி ஒரு வரி சேர்த்தான்: 'மோட்டார் ஓடுகிறது.' பிறகு ஒரு விடியற்காலை மகள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கீழ்த் தொட்டி நிறைய தண்ணீர். மேல் தொட்டி காலி. போனில் மட்டும் ராத்திரி ஒன்றரை மணியிலிருந்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

கான்டாக்டருக்குப் போகும் கம்பி ஒன்று திருகு தளர்ந்து கழன்றிருந்தது. பலகை சொல்லிவிட்டது. டிரான்சிஸ்டர் கேட்டது. ரிலேயும் 'டிக்' என்றிருக்கிறது. அதற்கப்பால் யாரும் இல்லை.

பையன் ஒப்புக்கொள்ளவில்லை. 'புரோகிராம் கரெக்டுதான் தாத்தா. ஓடுதுன்னுதானே காட்டுது!'

'நீ சொன்னதைத்தான்டா அது உனக்கே திருப்பிக் காட்டுது. நடந்ததை யாருடா போய்ப் பார்த்தா?'

மின்னணுவியல் பாடப் புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது. எளிய அவுட்புட் பின் ஒரு வாய். அதற்குக் காது கிடையாது. 'ஒன்று' என்று சொல்வதோடு அதன் கடமை முடிந்தது. மறுமுனையில் சுருள் அறுந்திருந்தாலும், தொடுமுனை கருகியிருந்தாலும், மோட்டாரே இல்லாவிட்டாலும் அதற்குத் தெரியாது. பழைய எக்ஸ்சேஞ்சில் குறை சத்தத்திலேயே தெரிந்துவிடும். 1980களின் பிற்பகுதியில் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் வந்தபோது ஹால் அமைதியாகிவிட்டது. அவற்றிலும் 5 வோல்ட் சிப்புகளால் வீட்டு டெலிபோன் மணியை அடிக்க முடியாது. அதற்கு 75 வோல்ட்டாவது வேண்டும், நடுவில் ஆள் வேண்டும். ஆனால் டெக்னீஷியன் இப்போது காதை நம்ப முடியாது, திரையை நம்ப வேண்டும். திரை சொல்வது நடந்ததையா, சொன்னதையா என்று கேட்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது.

கேட்காமல் விட்டால் விலை ஒரு நாள் குளிப்போடு நிற்பதில்லை. ரயில்வே சிக்னல்கள் இதே சங்கிலியில்தான் தொங்குகின்றன. ஸ்டேஷனில் எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது, 24 வோல்ட் ரிலேக்கள் அதை வாங்கிக்கொள்கின்றன, அவற்றின் தொடுமுனைகள் வழியாக 110 வோல்ட் சிக்னல் கம்பத்துக்குப் போகிறது. இந்த ரிலேக்கள் விசேஷமானவை. மின்சாரம் நின்றால் புவியீர்ப்பில் தானாக விழுந்து சிக்னலைச் சிவப்பாக்கும்படி செய்யப்பட்டவை. கம்ப்யூட்டரும் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. ரிலே உண்மையில் எழுந்ததா, தண்டவாளத்தின் நாக்கு உண்மையில் திரும்பியதா என்று தனிக் கம்பிகள் மூலம் திரும்பிக் கேட்கிறது. அந்தப் பதில்தான் ஆயிரம் பயணிகளின் உயிர்.

2023 ஜூன் 2ஆம் தேதி மாலை, ஒடிஷாவில் பாலசோர் அருகே பாஹநாகா பஜார் ஸ்டேஷனில் அந்தப் பதில் பொய்யாக வந்தது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை விழுந்தது. தண்டவாளமோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றிருந்தது. 290க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிக்னல் சுற்றில் முன்பு செய்த மாற்றத்திலும், 94ஆம் எண் லெவல் கிராஸிங் கேட்டுக்காக அன்று நடந்த வேலையிலும் ஏற்பட்ட குறைகளே காரணம் என்பது ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் வந்த முடிவு. திரும்பி வரும் சாட்சி தப்பான கம்பியில் வந்தால் எவ்வளவு புத்திசாலிக் கம்ப்யூட்டரும் கண்ணில்லாததுதான். நாக்கு நேராக இருப்பதாக அது நம்பியது, பச்சையைக் காட்டியது.

சென்னையில் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பம் என்பதால் அந்த விபத்து வீட்டில் பல நாள் பேச்சாக இருந்தது. பையனுக்கு அப்போது புரியாத விஷயம், காலி டாங்கிக்குப் பிறகு புரிந்தது.

திருத்தம் சுலபமாகத்தான் இருந்தது. கான்டாக்டரின் பக்கத்தில் ஒரு துணைத் தொடுமுனை இருக்கும்; பெரிய முனைகள் சேரும்போது அதுவும் சேரும். அதிலிருந்து ஒரு தனிக் கம்பி பலகையின் இன்புட் பின்னுக்குத் திரும்பி வந்தது. அந்தச் சுற்றில் 5 வோல்ட்டைத் தவிர வேறு எதுவும் நுழையாதபடி பெரியவர் இரண்டு முறை சோதித்தார். ஆனால் கான்டாக்டர் இழுத்தால் மட்டும் தண்ணீர் ஏறிவிடாது. மோட்டார் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கலாம். எனவே மேல் தொட்டியில் தண்ணீர் விழும் குழாயில் ஒரு ஓட்ட உணரி. 'ஒன்று' சொல்லிப் பத்து விநாடிக்குள் கான்டாக்டர் பதில் தராவிட்டாலோ, ஒரு நிமிடத்துக்குள் மேலே தண்ணீர் விழாவிட்டாலோ, பலகை தன் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மணியை அடிக்கும். நிறுத்தச் சொன்ன பிறகும் கான்டாக்டர் விடாமல் பிடித்திருந்தாலும் மணிதான். போனில் இப்போது வரும் வரி வேறு: 'தண்ணீர் ஏறுகிறது.' தண்ணீரே சொன்னால்தான் அந்த வரி வரும்.

பையனின் புரோகிராமில் மோட்டாரைப் போட ஒரு வரி போதுமாக இருந்தது. நடந்ததா என்று கேட்பதற்கு நாற்பது வரி ஆயிற்று. இது வீண் செலவு என்று முதலில் அவனுக்குத் தோன்றியது. தாத்தாவின் கணக்கில் டிரான்சிஸ்டர், டயோடு, ரிலே, கான்டாக்டர் எல்லாம் சேர்ந்தது பாதி வேலைதான். திரும்பி வரும் கம்பி மறு பாதி.

2025இலிருந்து கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ரோபாட்டிக்ஸ் பாடம் உண்டு. ஒரு பின்னை 'ஒன்று' ஆக்குவது எப்படி என்று லட்சக்கணக்கானவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். நல்ல காரியம். விளக்கோ பொம்மைக் காரோ மேஜை மேல் இருக்கும்வரை அது எரிந்ததா, நகர்ந்ததா என்று கண்ணே சொல்லிவிடும். அவர்களில் சிலர் நாளை அணைக்கட்டின் ஷட்டருக்கும், ஆஸ்பத்திரியின் ஆக்சிஜன் வால்வுக்கும், ரயில் பாதைக்கும் உத்தரவு எழுதுவார்கள். அவையெல்லாம் எழுதுகிறவரின் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும். அங்கே இருளில் நிற்கும் ஒரு ரிலே 'ஆகட்டும்' என்றதா என்று விசாரிக்க அவர்களுக்கு ஒரு கம்பி வேண்டும். தாத்தா இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைப் பள்ளிக்கூடம்தான் சொல்லித்தர வேண்டும்.